நெற்றியிலிருந்து இறக்கியது

புந்தா அரேனாஸ் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
பென்சிலைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள்.
யெர்கா வுகாசோவிச், வயது ஐம்பத்தெட்டு,
நீரிணைப் படகில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவள்,
கயிறு எட்டும் தூரத்துக்கு
நாற்காலியை இழுத்துக்கொள்கிறாள்.

கண்ணாடியில் பார்க்கையில் உங்கள் மூக்கு
எவ்வளவு திருப்தி தருகிறது?
ஒன்று முதல் நான்குவரை.
பக்கவாட்டில்?
புகைப்படத்தில்?
பிறர் மிக அருகில் வரும்போது?

மிக அருகில் என்றால் எவ்வளவு அருகில்,
யாரைக் கேட்பது.
சீட்டுக்கும் சில்லறைக்கும் நடுவே ஒரு கை நீளம்.
ஹெக்டோர் உயிரோடிருந்தபோது
அதைவிடக் குறைவு.

பருவைப் போலத்தான் வந்தது.
முத்து மாதிரி மினுங்குகிறது என்றார் டாக்டர் ஓயார்சூன்.
எதற்கும் ஒரு நல்ல உவமை கிடைத்துவிடுகிறது அவர்களுக்கு.
முப்பது கோடை தளத்தில் நின்றவள்.
மேலே வானம் மெலிந்துவிட்டது, தொப்பி அணியுங்கள் என்று
வானொலி சொல்லச் சொல்ல
காற்று தொப்பிகளைக் கடலுக்குக் கொடுத்தது.
பன்னிரண்டாவதற்குப் பிறகு அவள் வாங்கவில்லை.

வெட்டினார்கள்.
கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள்.
இன்னும் இருக்கிறது என்றார்கள்.
வெட்டினார்கள்.
மதியத்துக்குள் மூக்கின் இடது மடல் இல்லை.
நெற்றித் தோலை ஒரு நாக்கைப்போலக் கீறி,
திருப்பி,
புருவத்தருகே ரத்தம் ஓடும் காம்பை மட்டும் அறுக்காமல்
கீழே கொண்டுவந்து தைத்தார்கள்.
தலையெழுத்தை மாற்ற முடியாது என்போம் நாம்.
இடம் மாற்ற முடிகிறது.

அந்தக் காம்போடு மூன்று வாரம்.
யானை என்று சொன்ன சிறுவன்
அம்மாவிடம் கிள்ளு வாங்கினான்.
லாரிக்காரர்கள் ரேடியோவைத் திருகினார்கள்,
தங்கள் டயரையே உற்றுப் பார்த்தார்கள்,
மீதியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்கள்.
சீட்டுக் கணக்கில் ஒரு பெசோ தகராறு வரவில்லை
அந்த மூன்று வாரமும்.

பிறகு காம்பை அறுத்தார்கள். தழும்பு வெளுத்தது.
டாக்டர் விளக்கை இப்படியும் அப்படியும் சாய்த்துப் படமெடுத்தார்.
பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்.
அழகு, என்ன அழகு என்றார்,
அவளிடம் அல்ல.
தாளை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

மூக்கைத் தொட்டால்
நெற்றியைத் தொடுவது தெரிகிறது.
குளிரில் நுனி விறைத்தால்
புருவத்துக்கு மேலே பனி விழுகிறது.
முன்தலை மயிர் நாலைந்தும் கூடவே இறங்கிவிட்டது;
வெள்ளிக்கிழமைதோறும் சாமணத்தால் பிடுங்குகிறாள்.
அதைப் பற்றி இதில் கேள்வி இல்லை.

இன்னொன்றும் இல்லை:
முன்பு இருந்தது உங்களுக்குப் பிடித்திருந்ததா?

ஒருநாளும் இல்லை.
அப்பாவின் கிளிமூக்கு.
திருமணப் படத்தில் பூச்செண்டை
வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
அதே மூக்குத்தான் தங்கை மில்காவுக்கும்.
வீட்டுப் பத்திரத்தில் வந்த சண்டை,
பதினொரு வருடமாகப் பேச்சில்லை.
ஆனாலும் காலையில் பல் விளக்கும்போது
கண்ணாடியில் மில்காவை ஒருமுறை முறைத்துவிட்டுத்தான்
வாய் கொப்பளிப்பாள்.

இப்போது முறைக்க ஆளில்லை.
ஒருத்தி நிற்கிறாள் அங்கே, மூக்கும் முழியுமாக,
யாருக்கும் உறவில்லாமல்.

நான்கை வட்டமிடுகிறாள். அழிக்கிறாள்.
மூன்று. அதையும்.
ரப்பர் தேய்த்த இடத்தில்
தாள் மெலிந்து சாம்பல் பூக்கிறது.
முடிந்ததா சென்யோரா என்று எட்டிப் பார்க்கிறாள் நர்ஸ்.

பக்கவாட்டில் என்ற கேள்விக்கு மட்டும்
எண் போடாமல் ஓரத்தில் எழுத வேண்டியிருக்கிறது.
கயிறு போதவில்லை, எழுந்து நின்று எழுதுகிறாள்:

என் தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன்.
போர்வெனிரில் இருக்கிறாள், அக்கரையில்.
தினம் போகிறேன், இறங்கியதில்லை.
படகு ஐந்து மணிக்கு,
காற்று விட்டால்.